பத்து மட்டும்

எக்கய், தெக்கய், துனய்.
எனக்குச் சிங்களம் இப்படித்தான் வந்தது,
ஒன்றிலிருந்து பத்து மட்டும்.
அதற்குப் பிறகு ஒரேயொரு கேள்வி:
ரிதெனவாத?
நோகுதா?
ஓம் என்று சொல்ல
எவருக்கும் இலக்கணம் தேவைப்படவில்லை.

மருத்துவத்துக்கு ஒரு மயிரிழை குறைவு.
இரண்டாம் தரம் எழுதினேன்,
அதே மயிர்.
வெள்ளவத்தையில் ஒரு அறை,
பொரளைக்கு நூற்றைம்பத்துநாலாம் நம்பர் பஸ்.
"உடம்பு பிடிச்சுவிடவோ படிக்கப் போறாய்?" என்றார் மாமா.
பதினாறு வருடம் கழித்து அவரே
இடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.
குப்புறப் படுங்கோ என்றேன்.
கொஞ்சம் பலமாகத்தான் அழுத்தினேன்.

முதல் நியமனம் ராகமவில்.
காலில்லாத பொடியன்கள், என் வயதுக்காரர்.
ஒருவன் கேட்டான், மிஸ்ஸுக்கு எந்த ஊர்?
சொன்னேன்.
தன் கால் கிடக்கிற இடத்தை அவனும் சொன்னான்.
இரண்டுக்கும் இடையில் நாலு கட்டை.
அவனுடைய மிச்சத் தொடைக்கு வாரை இழுத்துப் பூட்டி
எக்கய், தெக்கய்,
இருவருமாக எண்ணினோம்.
அவன்தான் என் உச்சரிப்பைத் திருத்தினான்.

இப்போது பின்னேரங்களில் கொள்ளுப்பிட்டியில் பார்ட் டைம்.
கழுத்துப் பிடித்த கம்ப்யூட்டர் பிள்ளைகள் வருவார்கள்.
போனைக் கீழே வையடா என்றால் பாதி நோ போய்விடும்,
ஆனால் அதற்குக் காசு வாங்க முடியாது.

கலியாணப் பந்தியில் பாயாசம் வரமுன்
முழங்கால்கள் வந்துவிடும்.
பம்பலப்பிட்டியில் ஆடிவேல் பார்க்க நிற்கிறேன்,
பக்கத்தில் ஒரு மாமி சேலையைச் சற்றே உயர்த்தி
"இந்த இடந்தான் பிள்ளை, படி ஏறேக்க."
தேர் போய்விட்டது.
நான் சாமியைப் பார்க்கவேயில்லை.

வீட்டில் நிமலரூபன் தோளைக் காட்டினால் மட்டும்
எனக்குக் கோபம் வரும்.
ஏழு மணிக்குப் பிறகு இந்தக் கைகளுக்கு லீவு.
அவருக்குத் தெரியும்;
சுடுதண்ணிப் பையைத் தானே தேடிப் போவார்.

துஷ்யந்தி பேர்த்தில் இருக்கிறாள்.
மணிக்கு இத்தனை டொலர் என்பாள்,
நான் ரூபாயில் பெருக்குவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.
பெற்றோல் வரிசை நீண்ட வருடம் தொடங்கிய என் விண்ணப்பம்
மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது.
ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள்?
அந்தப் பெட்டியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து
மூடிவிட்டேன்.

பதிலாக நீச்சல் பழகுகிறேன். நாற்பத்து மூன்றில்.
ஞாயிறு காலை, தெஹிவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத் தடாகம்.
பழக்குகிறவள் ரிஸ்மினா, பத்தொன்பது வயது,
வாயில் சூயிங்கம்.
"அன்ரி, உடம்பை லூசா விடுங்க."
லூசா விடுங்க!
இருபது வருடமாக நான் விற்றுப் பிழைத்த வசனம்.
கழுத்து விறைக்கிறது.
அந்தத் தசையின் பெயர் தெரியும்,
தொடங்குகிற எலும்பு, முடிகிற எலும்பு,
ஓடுகிற நரம்பு, எல்லாம் தெரியும்.
தெரிந்தபடியே தாழ்கிறேன்.

ஒன்பதாம் கட்டிலில் லயனல் ஐயா,
ரயிலில் கார்டாக இருந்தவர், இடப்பக்கம் விழுந்துவிட்டது.
பதினொரு கிழமையாக
ஒரு பெருவிரலைக் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.
செவ்வாய்க்கிழமை அது அசைந்தது.
கொடி பிடிக்கிற அளவுக்கு இல்லை,
எறும்பு சுமை மாற்றுகிற அளவுக்கு.
நான் கண்டேன், மகள் கண்டாள்.
அவர் ஜன்னலுக்கு வெளியே
எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆயெத், என்றேன். இன்னொருக்கா.
அசையவில்லை.
மகள் என் முகத்தைப் பார்த்தாள்,
நான் அவருடைய நகத்தைப் பார்த்தேன்.
வெட்ட வேண்டும் என்று சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் இடமில்லை.
மேல்கம்பியில் தொங்கியபடி
என் பெருவிரலை மடக்கினேன், நீட்டினேன்.
எவ்வளவு அலட்சியமாகச் செய்கிறது, மூதேவி.
ஏழு மட்டும் எண்ணியிருப்பேன்,
சவோய் வந்துவிட்டது,
இறங்கினேன்.